ஒன்பது சிம்பொனி, நூறு பெட்டி: பீத்தோவன் தொகுப்புகளை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

பீத்தோவனின் சிம்பொனிகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்து செயலியில் அவர் பெயரைத் தட்டுகிறீர்கள். கராயன், பெர்ன்ஸ்டைன், க்ளெம்பரர், ஷாயி, யார்வி என்று இசை நடத்துநர்களின் பெட்டிகள் வரிசையாக வந்து விழுகின்றன. எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அதே ஒன்பது சிம்பொனிகள்தான். அதிலும் கராயன் மட்டும் ஸ்டுடியோவில் நாலு முறை முழுதாகப் பதிவு செய்திருக்கிறார். இதுவரை வந்திருக்கும் முழுத் தொகுப்புகள் நூற்றைத் தாண்டும். இத்தனை எதற்கு, எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றுவது நியாயம்தான். ஒன்று இல்லை. எங்கே வேறுபடுகின்றன என்று தெரிந்துகொண்டால், பயிற்சி இல்லாத காதுக்கும் அது பிடிபடும்.

முதலில் தொகுப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஓர் இசை நடத்துநர், பெரும்பாலும் ஒரே இசைக்குழுவை வைத்துக்கொண்டு, ஒன்பது சிம்பொனிகளையும் பதிவு செய்து ஒரே பெட்டியாக வெளியிடுவதுதான் தொகுப்பு. பீத்தோவனின் முதல் சிம்பொனி வியன்னாவில் அரங்கேறியது 1800 ஏப்ரலில். ஒன்பதாவது அதே ஊரில் 1824 மே 7-ஆம் தேதி. முதல் இரண்டும் ஹைடன், மொசார்ட் காலத்து அளவிலேயே இருக்கின்றன. மூன்றாவதான எரோய்க்கா அந்த அளவை உடைக்கிறது. ஐந்தும் ஆறும் 1808 டிசம்பர் 22 அன்று ஒரே கச்சேரியில் முதன்முதலாக வாசிக்கப்பட்டன. கடைசியில் பாடகர்களும் கோரஸும் மேடையேறிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் நடந்த ஒருவரை ஒரே ஆள் ஒரே பார்வையில் எப்படிப் புரிந்துகொண்டார் என்று காட்டுவதுதான் தொகுப்பின் வேலை.

ஆகவே, ஒவ்வொரு சிம்பொனிக்கும் கிடைக்கிற ஆகச் சிறந்த பதிவுதான் வேண்டும் என்றால் பெட்டி உங்களுக்குத் தோதுப்படாது. கார்லோஸ் க்ளைபர் முழுத் தொகுப்பு பண்ணவே இல்லை. ஆனால் 1970-களில் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் அவர் பதிவு செய்த ஐந்தாவதையும் ஏழாவதையும் மிஞ்ச ஆளில்லை என்று சொல்பவர்கள் ஏராளம். எனக்கும் அதே எண்ணம்தான்.

சரி, ஸ்வரம் எல்லாம் தாளில் எழுதியே இருக்கும்போது நடத்துநர் எதை மாற்ற முடியும்? நம் ஊர்க் கச்சேரியில் ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் பாடினால், நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் அவரவர் கற்பனைக்கு இடம் இருக்கிறது. இங்கே அந்த இடம் கிடையாது. ஒரு ஸ்வரம் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதுதான் பேச்சு. (அந்தப் பேச்சையும் மீறியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.) மிச்சம் இருப்பது வேகம், எதைத் திரும்ப வாசிப்பது என்ற முடிவு, எத்தனை பேர் என்ன வாத்தியத்தை வாசிக்கிறார்கள் என்பது, யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பது. அப்புறம், மைக் எங்கே இருந்தது என்பது.

இதில் ஓயாத சண்டை வேகத்தைப் பற்றித்தான். தாளத்தின் வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் என்ற கருவிக்கு மெல்ஸல் என்பவர் 1815-ல் காப்புரிமை பெற்றார். பீத்தோவனுக்கு அந்தக் கருவி பிடித்துப்போயிற்று. 1817-ல் தன் முதல் எட்டு சிம்பொனிகளுக்கும், நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று கணக்குப்போட்டு வெளியிட்டார். ஒன்பதாவதற்கான எண்கள் பின்னால் வந்தன. பிரச்சினை என்னவென்றால், அந்த எண்களில் பல தலைதெறிக்கும் வேகத்தில் இருக்கின்றன. கருவி கோளாறு, காது கேட்காதவர் மனதுக்குள் ஓட்டிய கணக்கு, இவ்வளவு வேகத்தில் வாசிக்கவே முடியாது என்று சொல்லி நூறு வருடத்துக்கும் மேலாகப் பெரும்பாலானவர்கள் அவற்றை ஒதுக்கியே வைத்தார்கள்.

எரோய்க்காவின் முதல் பாகத்தையே எடுத்துக்கொள்வோம். பீத்தோவன் கொடுத்த எண்படி ஒரு தாளக் கட்டத்துக்கு ஒரு நொடி. அந்தப் பாகத்தில் 691 கட்டங்கள். நேராக வாசித்தால் பதினொன்றரை நிமிடம். ஆனால் முதல் 150 கட்டங்கள் அளவுக்கு வருகிற அறிமுகப் பகுதியைத் திரும்ப ஒருமுறை வாசிக்கும்படி எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்தால் ஏறக்குறைய பதினான்கு நிமிடம்.

இப்போது பதிவுகளைப் பாருங்கள். ஓட்டோ க்ளெம்பரர் 1959-ல் லண்டனின் ஃபில்ஹார்மோனியா குழுவுடன் செய்த பதிவில் அந்தத் திரும்ப வாசித்தல் கிடையாது. இருந்தும் முதல் பாகம் பதினாறு நிமிடத்தைத் தாண்டுகிறது. ரோஜர் நாரிங்டனும் ரிக்கார்டோ ஷாயியும் திரும்பவும் வாசித்துவிட்டு அதைவிடச் சீக்கிரமாக முடித்துவிடுகிறார்கள். அட்டையில் இருக்கும் நிமிடக் கணக்கை மட்டும் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நீளம். காதில் கேட்டால் வேறு வேறு உலகம். நிமிடக் கணக்கை ஒப்பிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் திரும்ப வாசித்தார்களா என்று பார்க்காமல் ஒப்பிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வேக வித்தியாசம் அதன் உச்சத்தில் இருப்பது ஒன்பதாவது சிம்பொனியின் மூன்றாம் பாகத்தில். அதில் திரும்ப வாசிக்கும் குழப்பம் எதுவும் இல்லை, நேரடியாக ஒப்பிடலாம். வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் 1951-ல் பாய்ராய்ட் விழா அரங்கில் நடத்தியபோது அதற்குப் பத்தொன்பது நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார். கராயனின் 1962 பதிவில் பதினாறு நிமிடம் சொச்சம். பீத்தோவனின் எண்ணை நம்பிய நாரிங்டனுக்குப் பதினொரு நிமிடம் வாக்கில். ஒரே தாள், ஒரே ஸ்வரங்கள், எட்டு நிமிட வித்தியாசம். ஃபுர்ட்வெங்லரிடம் அது பிரார்த்தனை, நாரிங்டனிடம் அது ஒரு பாட்டு. அந்த மெட்டை நீங்களே வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். நாரிங்டன் வேகத்தில் ஒரே மூச்சில் ஒரு வரியைப் பாடிவிடலாம். ஃபுர்ட்வெங்லர் வேகத்தில் நடுவில் மூச்சு போதாது. என் மனம் இன்னும் ஃபுர்ட்வெங்லர் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் பீத்தோவன் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டால் நாரிங்டன் பக்கம்தான் கை காட்டுவேன்.

அடுத்து, தாளில் இருப்பதையே மாற்றிய கதை. இதற்கு ஐந்தாவது சிம்பொனியின் முதல் பாகத்தில் இரண்டு இடம் போதும். எல்லோருக்கும் தெரிந்த அந்த நாலு ஸ்வர ஆரம்பத்துக்குப் பிறகு, முக்கால் நிமிடம் வாக்கில் மற்ற எல்லா வாத்தியமும் நின்றுவிட, ஹார்ன்கள் (வளைந்த பித்தளை ஊதுகருவிகள்) மட்டும் உரக்க ஒரு முழக்கம் கொடுக்கும். அதைக் காதில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாகத்தின் பின்பாதியில் ஓபோ என்ற மரக் குழல் மட்டும் தனியாக, மெதுவாக ஒரு சின்ன வரி வாசிக்கும். அது முடிந்த அரை நிமிடத்துக்குள் அதே முழக்கம் திரும்ப வரும். இப்போது அதை வாசிப்பது எது?

பீத்தோவன் எழுதியது பஸூன்களுக்கு, அதாவது அடிச்சுருதியில் ஒலிக்கும் நீண்ட மரக் குழல்களுக்கு. காரணம் எளிது. அன்றைய ஹார்னில் வால்வு கிடையாது. எந்தச் சுருதிக்கு மாட்டியிருக்கிறார்களோ அதற்குரிய சில ஸ்வரங்கள்தான் வரும். இரண்டாம் முறை முழக்கம் வேறு சுருதியில் வருகிறது, அது அந்த ஹார்னில் கிடைக்காது. குழாயைக் கழற்றி வேறு மாட்ட நேரமும் இல்லை. ஆகவே பஸூனிடம் கொடுத்தார். பிற்காலத்தில் வால்வு வைத்த ஹார்ன் வந்ததும் நடத்துநர்கள் பலர், அவர் மனதில் இருந்தது ஹார்ன்தானே, இப்போது முடிகிறதே என்று மாற்றிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பதிவுகளில் பெரும்பாலும் இரண்டாம் முறையும் ஹார்ன்தான் கம்பீரமாக முழங்கும். நாரிங்டன், கார்டினர் போன்றவர்களிடம் பஸூன் கொஞ்சம் கரகரப்பாக, திணறுவதுபோல வரும். முதல் தடவை கேட்கும்போது பஸூன் காமெடியாகக்கூட இருக்கும். எனக்கு அந்தத் திணறல்தான் பிடித்திருக்கிறது. அந்த இடத்தில் எல்லாம் சுலபமாக நடந்துவிட்டால் சிம்பொனிக்கே பொருத்தமில்லை.

தாளில் இருப்பதை அப்படியே வாசிக்கும் கட்சியா, மாற்றும் கட்சியா என்று, இந்தப் பத்து நொடியை வைத்தே ஒரு தொகுப்பைப் பற்றிப் பாதி சொல்லிவிடலாம். எரோய்க்காவின் முதல் பாக முடிவிலும் இதேபோல் ஓர் இடம் உண்டு. ட்ரம்பெட் மெட்டைத் தொடங்கிவிட்டு நடுவில் விட்டுவிடுகிறது, மெட்டு மற்ற வாத்தியங்களுக்குள் மறைந்துபோகிறது. பழைய பதிவுகளில் பெரும்பாலும் ட்ரம்பெட் கடைசிவரை வாசித்து ஜெயக்கொடி நாட்டிவிடும்.

இந்த இரண்டு கட்சிகளும் எப்படி உண்டாயின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதையும் முதன்முதலாக இசைத்தட்டுக்குக் கொண்டுவந்த நடத்துநர் ஃபெலிக்ஸ் வைன்கார்ட்னர், 1930-களில் முடித்தார். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் சொச்சம்தான் கொள்ளும் தட்டுகள் அவை. அடுத்து டோஸ்கானினி நியூயார்க்கில் என்.பி.சி. குழுவுடன், வேகமும் கறாருமாக. பிறகு பெரிய குழு, கனமான ஒலி என்ற வழி ஐரோப்பாவில் கோலோச்சியது. க்ளெம்பரரும் கராயனும் வெவ்வேறு விதத்தில் அதன் சிகரங்கள். 1980-களில் நாரிங்டனும் ஹாக்வுட்டும் பீத்தோவன் காலத்து வாத்தியங்களை எடுத்துவந்தார்கள். விலங்குக் குடலில் திரித்த நரம்புத் தந்தி, வால்வு இல்லாத ஹார்ன், கெட்டியான குச்சியால் அடிக்கும் டிம்பனி முரசு, கொஞ்சம் இறங்கிய சுருதி. நாரிங்டனின் தொகுப்பு 1986 முதல் 1988 வரை பதிவானது. வயலின்கள் குறைந்ததும் அதுவரை அடியில் அமுங்கிக் கிடந்த ஓபோவும் பஸூனும் டிம்பனியும் வெளியே வந்தன. பலருக்கு அது பிடிக்கவில்லை, சத்தம் மெலிந்துபோயிற்று என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். சாதாரண நவீன இசைக்குழுக்களே அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன. ஹார்னன்கோர்ட் 1990-91-ல் ஐரோப்பிய சேம்பர் இசைக்குழுவுடன் கிராஸ் நகரில் பதிவு செய்தபோது மற்ற வாத்தியங்களை நவீனமாக விட்டுவிட்டு, ட்ரம்பெட்டை மட்டும் பழைய வகைக்கு மாற்றினார். ஜோனதன் டெல் மார் பழைய கைப்பிரதிகளைச் சரிபார்த்துத் தயாரித்த சிம்பொனித் தாள்களின் புதிய பதிப்பு, பேரன்ரைட்டர் பதிப்பகத்திலிருந்து 1990-களின் பிற்பகுதியில் வந்தது. டேவிட் ஸின்மன் அந்தக் காலத்திலேயே அதைத் துணையாகக் கொண்டு சூரிக்கில் ஒரு தொகுப்பு செய்தார், அதுவும் மலிவு விலையில். இன்றைக்கு யார் புதிதாகத் தொகுப்பு போட்டாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. பதில் ‘எனக்குப் பழைய வழியே போதும்’ என்பதாகவும் இருக்கலாம். தீலமான் வியன்னாவில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை ஹெட்ஃபோன் போட்டால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கராயனிடம் முதல் வயலின், இரண்டாம் வயலின் இரண்டும் இடது காதில். க்ளெம்பரரிடம் இரண்டாம் வயலின் வலது காதில். ஏழாவது சிம்பொனியின் கடைசிப் பாகத்தில் இரண்டு அணிகளும் ஒன்றுக்கொன்று மெட்டை வீசிப் பிடிப்பது எதிரெதிரே உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஒலிப்பதிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பலருக்குப் பிடிப்பது நடத்துநரையா, அறையையா என்பதே சந்தேகம்தான். கராயனின் 1961-62 தொகுப்பு பெர்லினின் டாலெம் பகுதியில் இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் பதிவானது. அந்தத் தேவாலயத்தின் எதிரொலி இல்லாவிட்டால் அந்தப் பட்டுப் போன்ற வயலின் சத்தம் கிடைத்திருக்காது. டோஸ்கானினியின் பதிவுகள் மோனோ (இரண்டு காதிலும் ஒரே ஒலி), வறட்டுச் சத்தம். ஃபுர்ட்வெங்லரின் பெட்டியோ ஒரே மூச்சில் பதிவானதல்ல, வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு இடங்களில் கிடைத்ததைச் சேர்த்துக் கட்டியது. இரண்டாவது சிம்பொனிக்குக் கிடைத்தது 1948 கச்சேரி ஒன்றின் இரைச்சலான பதிவுதான். இதையெல்லாம் தாண்டி இசையைக் கேட்கக் காது பழகிவிடும், ஆனால் தொடக்கத்தில் அந்தச் சிரமம் தேவையில்லை.

இன்னொன்று, சத்த அளவு. இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டால், கொஞ்சம் உரக்க இருப்பது உயிர்ப்பாக இருப்பதுபோல் தோன்றும். அது காதின் ஏமாற்று. ஆரம்ப வரியின் சத்தத்தை இரண்டிலும் சமமாக வைத்துக்கொண்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

எப்படித் தொடங்குவது? ஒன்பதையும் மூன்று தொகுப்பில் கேட்க உட்காராதீர்கள். ஒரு தொகுப்பே ஐந்தரை மணி நேரத்தை விழுங்கிவிடும், மூன்றாவது நாளில் வெறுத்துவிடும். ஐந்தாவதின் முதல் பாகத்தை மட்டும் எடுங்கள். ஏழெட்டு நிமிடம்தான். கராயன் 1962, க்ளெம்பரர், பாவோ யார்வி. இந்த மூன்றையும் ஒரே மாலையில் கேளுங்கள். அந்த ஹார்ன் இடத்தையும், ஓபோ தனியாக வாசிக்கும் இடத்தையும் மட்டும் கவனியுங்கள். ஓபோக்காரருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறாரா, இல்லை அவசரமாகக் கடந்துபோகிறாரா என்று பாருங்கள். மற்றதெல்லாம் தானாகக் காதில் விழும்.

அடுத்து எட்டாவது சிம்பொனி. முழுப் பெட்டியையும் எடைபோட எனக்கு இதுதான் அளவுகோல். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதில் எல்லா நடத்துநரும் வியர்வை சிந்துவார்கள், அவை விற்கும் சரக்கு. எட்டாவது அரைமணிக்கும் குறைவு, குறும்பு நிறைந்தது, நடு நடுவே எதிர்பாராமல் முகத்தில் அறையும். கனமான ஆட்களிடம் இது சிரிப்பதை நிறுத்திவிடுகிறது. க்ளெம்பரரின் எரோய்க்காவைக் கேட்டு வாயடைத்துப்போகிற நான் அவருடைய எட்டாவதைத் தேடிப் போனதில்லை. ஆறாவதிலும் அவருக்கு இதே சிக்கல். அதில் வரும் கிராமத்து நடனத்தை அவர் மெதுவாக எடுத்தபோது, ரொம்ப மெதுவாக இல்லையா என்று தயாரிப்பாளர் வால்டர் லெக் கேட்டாராம். பழகிவிடும் என்று பதில் வந்ததாக ஒரு கதை உலவுகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை.

கராயனும் விதிவிலக்கல்ல. அவருடைய 1962 பெட்டியைப் பலரும் முதல் தொகுப்பாகச் சொல்வார்கள், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அதிலுள்ள ஆறாவது அவசரமாக ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி இருக்கிறது. அதே நடனப் பாகத்தில் திரும்ப வாசிக்க வேண்டியதையும் விட்டுவிட்டார். ஆறாவதற்கு மட்டும் கார்ல் பெம் வியன்னாவில் 1971-ல் செய்ததையோ, புரூனோ வால்டரின் 1958 பதிவையோ வைத்துக்கொள்ளலாம். எந்தப் பெட்டியிலும் இப்படி ஒன்றிரண்டு ஓட்டை இருக்கும். ஓட்டையே இல்லாத பெட்டியைத் தேடித்தான் சிலர் இருபது பெட்டி வாங்கிவிடுகிறார்கள்.

என்னிடம் கேட்டால், இன்றைக்குத் தொடங்குகிறவர் யார்வி பிரேமன் சேம்பர் குழுவுடன் செய்த தொகுப்பில் தொடங்கலாம். சின்னக் குழு, வேகம், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும். ஒலியும் புதியது. அதற்கு நேர் எதிராகக் கராயன் 1962. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய குழுவின் எடையும் பீத்தோவனின் எண்களும் சேர்ந்து வேண்டும் என்றால் ஷாயி லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் குழுவுடன் 2007 முதல் 2009 வரை செய்தது. கராயனின் 1970-கள் தொகுப்பு, 1980-கள் தொகுப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செயலியில் தேடும்போது வருடத்தைச் சரிபாருங்கள். ஒரே நடத்துநர், ஒரே குழு, அட்டைப்படம் மட்டும் மாறி மறுவெளியீடுகள் குவிந்து கிடக்கும்.

ஒன்பது அதிகம் என்று தோன்றினால் பிராம்ஸ் என்ற இன்னொரு இசையமைப்பாளருக்குப் போங்கள். நாலே சிம்பொனி, மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். அவற்றுக்கு அவர் மெட்ரோனோம் எண் எதுவும் விட்டுவைக்கவில்லை, அதனால் அங்கே வேகச் சண்டைக்குச் சாட்சி கிடையாது. முதலில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது சிம்பொனியின் முதல் பாகத்தில் அறிமுகப் பகுதியை நடத்துநர் திரும்ப வாசிக்கவைக்கிறாரா என்பதுதான்.